சுவரில் ஆணி அடிக்காமல்

பெப்ரவரி 13, வியாழன்

மழை இல்லை. அலுவலகத்தில் இன்றும் என் மேசைக்கு வரவேண்டிய கால்வாய் வரைபடம் என்னைத் தாண்டிப் போனது. எனக்கு ஆறு வருடம் பிந்தி வேலைக்கு வந்தவர் அதில் கையொப்பமிட்டார். எழுதி வைக்கிறேன். வேறென்ன செய்ய.

மாலையில் தங்கேஸ்வரி தொலைபேசி எடுத்தாள். அவளைப் பெற்ற மாமியின் ஆண்டுத் திவசம் மார்ச் முதல் கிழமை முடிகிறது. அதன் பிறகு மாத்தளைக்கு வருகிறாளாம். "மூண்டு கிழமை நிண்டு பாக்கிறன்" என்றாள். நிண்டு பார்க்கிறாளாம்! கட்டிய புருஷனின் வீட்டை, வாடகைக்கு வீடு தேடி வருகிற ஆளைப்போல.

கல்யாணமாகி இருபத்தேழு வருடம். அதில் கடைசிப் பதினொரு வருடம் நான் இங்கே, அவள் யாழ்ப்பாணத்தில். இடமாற்றம் என்னைக் கேட்டு வரவில்லை. மாமி படுக்கையில் விழுந்தது அவளைக் கேட்டு நடக்கவில்லை. அது வரைக்கும் நியாயம்தான். ஆனால் மாமியைக் குளிப்பாட்டித் துடைத்தது இவள், வீட்டை எழுதி வாங்கியது இவள் தங்கச்சிக்காரி. இப்போது தங்கச்சி குடும்பத்தோடு அந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். தங்கேஸ்வரிக்கு ஓர் அறை. மகள் அஜந்தா கொழும்பில் நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறாள். இனி இவள் அங்கே இருப்பதா, என்னோடு இருப்பதா என்பது அந்த மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், தெரியும்.

2016இல் ஒருதரம் வந்தாள். ஒன்பது நாள் நின்றாள். குசினியைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பஸ்ஸுக்குள்ள நிண்டு சமைக்கிற மாதிரிக் கிடக்கு."

சரி. இந்தமுறை அந்த வார்த்தைக்கு இடம் வைக்கப்போவதில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

அளந்தேன். நீளம் ஒன்பது அடி இரண்டு அங்குலம். அகலம் ஐந்து அடி நான்கு அங்குலம். தெற்கே கதவு. வடக்கே யன்னல், அதன் கீழ் பாத்திரம் கழுவும் தொட்டி. கிழக்குப் பக்கம் சீமெந்துத் தட்டு, அதன்மேல் காஸ் அடுப்பு. மேற்குச் சுவர் முழுக்க வெறுமை.

அந்தச் சுவரில்தான் சாமான் அடுக்குகிற றாக்கை அடிக்கவேண்டும். அந்தச் சுவரில்தான் அடிக்க முடியாது. மேலே தாங்கிக்குப் போகிற தண்ணீர்க் குழாய் அதற்குள்தான் ஓடுகிறது. எங்கே வளைகிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு முன் இந்த மேல்வீட்டில் இருந்த வங்கி உத்தியோகத்தர் ஒரு படம் மாட்டத் துளை போட, தண்ணீர் பீறிட்டுக் கீழே வீட்டுக்காரர் ஸஹாப்தீன் நானாவின் களஞ்சியத்தில் இருந்த கராம்பு மூட்டைகளை நனைத்துவிட்டது. அன்றிலிருந்து வாடகை உடன்படிக்கையில் ஒரு வரி: சுவரில் ஆணி, திருகாணி, துளை எதுவும் கூடாது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது அந்த வரியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார். எவனோ செய்த பிழைக்கு எனக்குப் பாடம்.

சுவரைத் தொடாமல், தன் பாட்டில் நிற்கிற சாமான்தான் வேண்டும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

டவுனில் நாலு தட்டுப் பிளாஸ்டிக் றாக்கை ஒன்றும், அடுப்புக்கும் மூலைக்கும் நடுவே உள்ள எட்டு அங்குல இடைவெளிக்குச் சில்லுப் பூட்டி உருளுகிற ஒடுங்கிய தட்டு ஒன்றும் வாங்கினேன். கடைக்காரன் தன் கையை ஊன்றிக் காட்டினான், "பாருங்க, ஆடுதா?" அவன் கையை எடுத்த பிறகுதான் ஆடியது.

தேங்காயெண்ணெய்ப் போத்தல் மூன்று வைத்து ஒடுங்கிய தட்டை வெளியே இழுத்தேன். சில்லு நிலத்து ஓடுகளின் இடுக்கில் மாட்டிக்கொண்டது, தட்டு அப்படியே குப்புற விழுந்தது. குசினி முழுக்க எண்ணெய். சவர்க்காரத் தூள் போட்டு முழங்காலில் நின்று துடைத்தேன். ஐம்பத்து நாலு வயதில்.

பெப்ரவரி 19, புதன்

பிளாஸ்டிக் றாக்கையின் இரண்டாம் தட்டு அரிசிப் பாரத்தில் வளைந்துவிட்டது. பார்க்கவே எரிச்சல்.

பெப்ரவரி 22, சனி

பல்லேபொலைக்குப் போனேன். அங்கே இராமசாமி என்றொரு தச்சர். அலுவலக மேசைகளைத் திருத்த வருவார், எனக்குத் தெரியும். வரைபடத்தை விரித்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"சொவத்துல ஒரு ஆணிகூடக் கூடாதுங்களா?"

"கூடாது."

"அப்ப அது தன் கால்லயே நிக்கணும்." சிரித்தார். "மனுஷனுக்கே அது பெரிய கஷ்டம்ங்க. இது பலகை."

வேலை தெரிந்த மனிதர்தான். அடியில் பாரம் வேண்டும் என்றார். அரிசி, மாவு, ஆட்டுக்கல் எல்லாம் கீழ்த்தட்டில். முன்கால் இரண்டையும் பின்கால்களை விட ஒரு நூல் உயர்த்திவிட்டால் முழுச் சாமானும் மெல்லச் சுவரில் சாய்ந்து நிற்கும், தானாக முன்னால் விழாது. பலகை மகோகனி. ஆழம் பதினாலு அங்குலம், அதற்குமேல் போனால் நின்று சமைக்க இடமிராது.

"வீட்டம்மாவோட ஒயரம் என்னாங்க?" என்று கேட்டார்.

"ஆறரை அடி வையும்" என்றேன். "நல்ல இடம், வீணாக்கக் கூடாது."

என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

மார்ச் 1, சனி

றாக்கை வந்தது. படியின் திருப்பத்தில் அரைமணி நேரம் சிக்கி நின்றது. ஸஹாப்தீன் நானா களஞ்சிய வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சேர், சொவத்துல ஒண்டும் அடிக்கல்ல தானே? கீழ கராம்பு ஈக்கி, அதுக்குத்தான் கேக்கிறேன்."

"எனக்கு வாசிக்கத் தெரியும். உடன்படிக்கை இருக்குத்தானே. நானும் படிச்சவன்."

"கோவப்படாதீங்க மகேந்திரன் சேர். அந்த பேங்க் சேரும் படிச்சவர்தான்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஆஸியா ராத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

கீழே இன்று நோன்பு தொடங்கிவிட்டது. படியெல்லாம் அமைதி.

நாள் முழுக்க அடுக்கினேன். அடியில் அரிசி வாளி, ஆட்டுக்கல். அதன்மேல் மாவு, பருப்பு, டின்கள். அடுத்து என் பாத்திரங்கள். அதற்கு மேல் ஒரு தட்டை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது அவளுக்கு. உச்சித்தட்டில் புதிதாக வாங்கிய பெரிய மண்சட்டி, மீன் குழம்புக்கு. அவள் மீன் குழம்பு மண்சட்டியில்தான் வைப்பாள். உள்ளே வந்ததும் கண்ணில் படட்டும் என்று அங்கே வைத்தேன்.

அசைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. மட்டப்பலகையும் வைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் நான் சொல்லி ஒன்றும் நடப்பதில்லை. இங்கே நடந்திருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கண்டி போகிற யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெலிந்திருக்கிறாள். காதோரம் முழுக்க நரை. ஒரு சூட்கேஸ், கயிறு கட்டிய ஒரு காட்போட் பெட்டி. பெட்டியை என்னிடம் தரவில்லை, மடியில் வைத்துக்கொண்டே முச்சக்கரவண்டியில் வந்தாள்.

குசினி வாசலில் நின்று றாக்கையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

"நல்ல வேலை" என்றாள். பிறகு, "நல்ல உயரம்."

அவ்வளவுதான். சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே போயிற்று. காட்போட் பெட்டி விறாந்தை மேசைக்குக் கீழே.

மார்ச் 11, செவ்வாய்

பெட்டியை இன்னும் றாக்கைக்குக் கொண்டுவரவில்லை. அவளுக்கென்று விட்ட தட்டு அப்படியே வெறுமையாகக் கிடக்கிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்?

மார்ச் 14, வெள்ளி

இன்று மரக்கறிச் சமையல். மாமி போன பிறகு செவ்வாயும் வெள்ளியும் மச்ச மாமிசம் தொடுவதில்லையாம். மேசைக்குக் கீழே குனிந்து பெட்டியைத் திறந்தாள், இரண்டு பாத்திரமும் ஒரு அகப்பையும் எடுத்தாள், சமைத்தாள், கழுவித் துடைத்தாள், திரும்பவும் குனிந்து பெட்டிக்குள் வைத்து மூடினாள். ரயில் பயணத்தில் சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிற மாதிரி. ஆறரை அடி உயரத்துக்கு ஒரு சாமான் நிற்கிறது. அதைத் தாண்டிப் போய்வருகிறாள்.

பின்னேரம் ஆஸியா ராத்தா நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டார். ஒன்றல்ல, இரண்டு கிண்ணம். "மற்றது இறைச்சி போடாமல் வேற பானையில வைச்சவவாம், எனக்கெண்டு" என்றாள் தங்கேஸ்வரி. வந்து ஒரு கிழமைக்குள் கீழ்வீட்டோடு அவ்வளவு ஒட்டு. என்னோடு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை.

மார்ச் 17, திங்கள்

ஒன்பதாம் நாள். போனமுறை போலப் போகவில்லை.

மார்ச் 20, வியாழன்

வில்கமுவவுக்கு வயல் வாய்க்கால் பார்க்கப் போய்வந்தேன். ஜீப்பில் எனக்கு இடமில்லையாம். பஸ்ஸில் போகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸைத் தவறவிட்டு, நெல் ஏற்றிய உழவு மெஷினில் சந்திவரை வந்தேன். வீட்டுக்கு வரும்போது பொழுது பட்டுவிட்டது. சோறு மூடி வைத்திருந்தாள். காத்திருந்தாளோ, தெரியாது. "களைச்சுப் போனியள்" என்றாள். ஓம் என்றேன்.

சொல்ல இருந்தது நிறைய. ஜீப் கதையைச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 22, சனி

எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

காலையில் நான் முன்னறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். குசினியில் ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. போய்ப் பார்த்தால் றாக்கை முன்னால் சரிந்து அடுப்புத் தட்டின் விளிம்பில் முட்டி நிற்கிறது. அதற்கும் கதவுக்கும் நடுவே தங்கேஸ்வரி நிலத்தில். மண்சட்டி நூறு துண்டு. ஒரு துண்டு அவள் பாதத்தைக் கிழித்திருந்தது. பருப்பும் ரத்தமும்.

உச்சித்தட்டு எட்டாமல், இரண்டாம் தட்டில் கால் வைத்து ஏறியிருக்கிறாள். ஒரு ஆளின் முழுப் பாரமும் முன் விளிம்பில் ஏறினால் எந்தச் சாமானும் கவிழும்.

நான் என்ன செய்தேன்? தூக்கினேனா? இல்லை. வாசலில் நின்று சொன்னேன், "அது விழாது! முன்கால் உயர்த்தி வைச்சிருக்கு! உதில ஏறச் சொன்னது ஆர்?"

அவள் நிலத்தில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் திரும்பவும் பார்க்கிற பார்வை.

சத்தம் கேட்டு ஆஸியா ராத்தா ஓடிவந்துதான் பிடித்துத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் நாலு தையல்.

மார்ச் 23, ஞாயிறு

சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் குரலை உயர்த்தவே இல்லை.

நான்தான் தொடங்கினேன். உமக்காகத்தானே இவ்வளவும் செய்தது என்றேன். பஸ்ஸுக்குள் நின்று சமைக்கிற மாதிரி என்று நீர்தானே சொன்னீர் என்றேன். ஒன்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை எடுத்து வைத்தேன்.

"நான் அப்பிடிச் சொன்னனானோ?" என்றாள். "எனக்கு ஞாபகமே இல்லை."

ஞாபகம் இல்லை!

"ஏதோ பகிடிக்குச் சொல்லியிருப்பன். குசினி சின்னனெண்டு நான் வராமல் விடேல்லை. அம்மா படுக்கையில எண்டதும் பாதிக் காரணம்தான். நீங்கள் ஒருநாளும் என்னை வா எண்டு கேக்கேல்லை. எப்ப டெலிபோனில கதைச்சாலும், இஞ்ச வைக்கிறதுக்கு இடமில்லை, திரும்புறதுக்கு இடமில்லை, வீட்டுக்காரன் ஒரு ஆணி அடிக்க விடான். பதினொரு வரியமா இதைத்தானே சொன்னனீங்கள்? எனக்கு இடமில்லை எண்டு சொல்லுறியள் எண்டுதான் நான் விளங்கிக்கொண்டனான்."

நான் வீட்டைப் பற்றித்தான் சொன்னேன். வீட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

அப்படித்தானா?

மார்ச் 24, திங்கள்

ஞாயிறு பஸ்ஸுக்கு இடம் பதிந்துவிட்டாளாம். மார்ச் 30. அவள் சொன்ன மூன்று கிழமை அன்றோடு முடிகிறது. கணக்குப் பிசகாத மனுஷி.

மார்ச் 26, புதன்

அலுவலகத்திலிருந்து வரும்போது ஆஸியா ராத்தா படியடியில் மறித்தார். நோன்புக் களை முகத்தில் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சேர், ஒரு விஷயம். மிஸஸ் எங்கள்ட்ட ஒரு சின்ன மேச இருந்தாத் தாங்கன்னு கேட்டாங்க, வந்த மூணாம் நாளே. மரக்கறிச் சாமானை வேறயா வைக்கணுமாம். மீன் சட்டிக்குக் கீழ வைக்க ஏலாதாமே? எங்கள்ட்ட ஈந்தது ஒடஞ்ச மேச. அண்டைக்கு அந்தச் சட்டியைக் கீழ எறக்கப் போய்த்தான் உழுந்தாங்க. சட்டியக் கீழ வெச்சிட்டுத் தன்ட சாமானை மேல அடுக்கத்தான்."

நான் படியில் நின்றுவிட்டேன்.

"எங்களுக்கு ஹலால், ஹராம்னு ஈக்கிற மாதிரித்தானே சேர். இது எங்களுக்கே வெளங்குது. நீங்க படிச்ச மனுஷன்."

எங்கள் அம்மாவின் வீட்டில் மச்சச் சட்டிக்கு ஒரு மூலை, மரக்கறிச் சட்டிக்கு ஒரு மூலை. மரக்கறிச் சட்டிக்கு மேலே மீன் சட்டியை வைத்து, அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில் கழுவ வேண்டும். இது எனக்குத் தெரியாததா? ஒற்றைச் சட்டியில் பதினொரு வருடம் பொங்கித் தின்றவனுக்கு மறந்துபோயிற்று. அவளுக்கென்று நான் ஒதுக்கிய தட்டுக்கு நேர் மேலே, பார்த்துப் பார்த்து, மீன் சட்டியை ஏற்றி வைத்திருக்கிறேன்.

பெட்டி ஏன் றாக்கைக்கு வரவில்லை என்று இரண்டு கிழமையாக மனதுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அதை அடுக்கப் போய்த்தான் விழுந்திருக்கிறாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

மார்ச் 27, வியாழன்

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஒருக்கா நிமிர்ந்து நில்லும்."

"என்னத்துக்கு, சவப்பெட்டிக்கோ?" என்றாள். ஆனால் நின்றாள், தையல் போட்ட காலை மெல்ல ஊன்றி.

உயரம் நாலடி பத்தரை. நிலத்திலிருந்து முழங்கை முப்பத்தேழு அங்குலம். கையைத் தூக்கி வருத்தமில்லாமல் எட்டுவது ஐந்தடி எட்டு. குனியாமல் கை போவது இருபத்தாறு.

இருபத்தேழு வருடத்தில் இந்த இலக்கங்கள் எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வில்கமுவ வாய்க்கால் ஒவ்வொன்றின் ஆழமும் எனக்கு மனப்பாடம்.

மார்ச் 29, சனி

இராமசாமி வந்தார். றாக்கையை நெடுக்காக இரண்டாக அறுத்து, உயரத்தையும் குறைக்கச் சொன்னேன்.

"முன்னாடியே கேட்டேனுங்களே" என்றார். அதோடு வாளை எடுத்தார். நல்ல மனிதர்.

தொட்டிக்குப் பக்கத்தில் இடுப்பளவில் ஒரு குட்டை றாக்கை, மச்சத்துக்கு. கதவுப் பக்கம் அவள் எட்டும் உயரத்தில் மற்றது, மரக்கறிக்கு. நடுவே ஒன்றரை அடி வெளி. இரண்டும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன, ஆணி இல்லை. கால் வைத்து ஏறத் தேவையே இல்லாத உயரம்.

தங்கேஸ்வரி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, கழுவுற தண்ணியில இதின்ர கால் ஊறாதோ?"

"ரப்பர் போட்டுக் குடுத்துர்றேம்மா. உங்க வீட்டுக்காரரு வரைஞ்ச படத்துல அது இல்லீங்க."

அவள் சிரித்தாள். வந்த நாளிலிருந்து முதல் தடவை. எனக்கு உறைக்கவில்லை, ஆச்சரியம்.

பின்னேரம் சூட்கேஸை வெளியே இழுத்தாள். நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல, "நாளைக்கு வாறன் எண்டு தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

போய்விட்டாள். காட்போட் பெட்டியையும் கொண்டுபோனாள்.

பஸ் வருமட்டும் தரிப்பிடத்தில் நாற்பது நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். வெயில் அதிகம் என்றேன். ஓம் என்றாள். தையலை எப்போது வெட்டுவது என்று கேட்டேன். அங்கே வெட்டிக்கொள்வாளாம்.

ஒரு சொல். அதைச் சொல்ல நாற்பது நிமிடம் காணாதா?

மார்ச் 31, திங்கள்

பெருநாள். கீழே ஒரே ஆரவாரம். ஆஸியா ராத்தா வட்டிலப்பம் கொடுத்துவிட்டார், வழக்கம்போல இரண்டு கிண்ணம். ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டு றாக்கைகளிலும் என் சாமான் ஒன்றையும் வைக்கவில்லை. நிலத்தில் வைத்துச் சமைக்கிறேன். ஸஹாப்தீன் நானா தாங்கி பார்க்க மேலே வந்தவர் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன சேர், கடை சாமான் வரல்லயா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, பேச்சை மாற்றி, மிளகு விலை சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

இந்த மனிதரைப் பதினொரு வருடமாக எதிரியாக வைத்திருக்கிறேன். காரணம் தன் சுவரைத் தொடாதே என்றது மட்டும்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை பத்து மணிக்கு நானே தொலைபேசி எடுத்தேன்.

கால் எப்படி என்றேன். தையல் வெட்டியாயிற்று. அஜந்தா எடுத்தாளா என்றேன். எடுத்தாள். பிறகு றாக்கையைப் பற்றித் தொடங்கிவிட்டேன். ரப்பர் நன்றாகப் பிடித்திருக்கிறது, மேல்தட்டு ஐந்தடிக்குக் கீழேதான், குட்டை றாக்கையை இன்னும் ஆறு அங்குலம் யன்னல் பக்கம் தள்ளலாம்...

"இதைச் சொல்லவோ எடுத்தனீங்கள்?"

பின்னால் தங்கச்சி வீட்டு ஆட்கள் பேசுகிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம். அவள் எங்கோ தனியாகப் போய் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"இல்லை" என்றேன். "வாரும். வந்து இஞ்ச இரும்."



"கேக்கிறியளோ, சொல்லுறியளோ?"

ஐம்பத்து நாலு வயதில் ஒரு வினைச்சொல் இவ்வளவு பாரமா!

"கேக்கிறன்."

"வருசப் பிறப்புக் கழியட்டும். பாப்பம்" என்றாள்.

வைத்துவிட்டாள். பாப்பம் என்றால் ஓமா, இல்லையா? இருபத்தேழு வருடம் கட்டியும் எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருடப் பிறப்பு. கைவிசேடக் காசு கொடுக்க ஆள் இல்லை. பாணும் சம்பலும்.

ஏப்ரல் 17, வியாழன்

தங்கச்சிக்காரி எடுத்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் குரல். "அக்காவை நாங்கள் கலைக்கேல்லை அத்தான், அவ தானாத்தான் வெளிக்கிடுறா. பிறகு எங்களைக் குறை சொல்லாதேங்கோ" என்றாள். என் நாக்கில் பழைய பதில்கள் வரிசையாக நின்றன. வீட்டு உறுதி, மாமியின் கடைசி நாட்கள், எல்லாம்.

எத்தனை மணி பஸ் என்று மட்டும் கேட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வந்தாள். இந்தமுறை நாலு பெட்டி. ஒன்றில் அம்மி. முச்சக்கரவண்டிக்காரன் தூக்கப் பார்த்துவிட்டு, "அக்கா, இது வீட்டு அத்திவாரமா?" என்றான். நானும் ஸஹாப்தீன் நானாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேற்றினோம்.

ஏப்ரல் 21, திங்கள்

குட்டை றாக்கையை யன்னல் பக்கம் தள்ள வேண்டாமாம். கதவுப் பக்கம் தள்ள வேண்டுமாம். தள்ளினேன். பிறகு பார்த்துவிட்டு, பழைய இடமே நல்லது என்றாள். தள்ளினேன்.

ஏப்ரல் 23, புதன்

யாழ்ப்பாணத்து ஐயரிடம் நேரம் கேட்டு வைத்திருந்தாளாம், காலை ஆறு முப்பத்தெட்டு. எனக்கு நேற்றுத்தான் சொன்னாள். புதுப் பானை ஒன்று வாங்கி வந்திருந்தாள். குளித்து, அடுப்பைக் கழுவி, கோலம் போட்டுப் பால் காய்ச்சினாள். புது வீட்டுக்குக் குடிபுகுகிறவர்கள் செய்வது. நான் பதினொரு வருடமாகக் குடியிருக்கிற வீடு.

ஆஸியா ராத்தாவையும் கூப்பிட்டிருந்தாள். மூன்று பேர் நிற்கக் குசினி போதவில்லை. நான் வாசலில் நின்றேன். பால் நுரைத்து ஏறியது. எந்தப் பக்கம் பொங்கப் போகிறது என்று இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வடக்கே பொங்கியது.

"வடக்கு! நல்ல சகுனமப்பா" என்று தங்கேஸ்வரி என் பக்கம் திரும்பினாள். முகம் அப்படியே விரிந்திருந்தது.

அந்தச் சீமெந்துத் தட்டு வடக்குப் பக்கம் கால் அங்குலம் தாழ்வு. நான் அளந்திருக்கிறேன். அதில் எதை வைத்துக் காய்ச்சினாலும் வடக்கேதான் வழியும்.

வாய்வரை வந்தது. சொல்லவில்லை.